எக்ஸிட்டான் எங்கே மாட்டிக்கொள்கிறது?

கேள்வி: எங்கள் பம்புசெட்டுக்கு சோலார் போட்டிருக்கிறோம். எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கும் மகள், "அடுத்து பெரோவ்ஸ்கைட் பேனல் வரும்ப்பா, ஆனா அதுல எக்ஸிட்டான் தானாவே மாட்டிக்கும்" என்கிறாள். எது, எதில் மாட்டுகிறது? அதனால் நமக்கு நஷ்டமா?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: வெளிச்சம் பட்டதும் குறைகடத்தியில் (பேனலில் மின்சாரம் உண்டாக்கும் பொருள்) ஓர் எலக்ட்ரான் கிளம்பும், அது விட்டுப்போன காலியிடம் நேர்மின் துளையாக நடந்துகொள்ளும், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஜோடியாகத் திரிந்தால் அதற்குப் பெயர் எக்ஸிட்டான்.

இனி உங்கள் வயலுக்கு வருவோம். சேறடித்த வயலில் நண்டு வளைக்குள் கால் போனால், அது முன்பே இருந்த குழி. வளை இல்லாத இடத்திலும் கொஞ்ச நேரம் நின்றால் நம் கனமே குழி பறித்துக் காலைப் பிடித்துக்கொள்ளும், உருவியதும் சேறு மூடிக்கொள்ளும். இன்றைய பேனல்களின் சிலிக்கானுக்கு மாற்றாக ஆராயப்படும் படிகப் பொருளான பெரோவ்ஸ்கைட்டில் இரண்டும் உண்டு. படிகத்தில் அணு இடம் மாறிக் கிடக்கும் பழுதுகள் நண்டு வளை மாதிரி. அங்கே சிக்கினால் ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாக வீணாகும். மகள் சொல்வது இரண்டாவது வகை. ஈயமும் அயோடினும் (அல்லது புரோமினும்) கட்டிய கூடு சிலிக்கான் போல விறைப்பானதல்ல, எக்ஸிட்டான் வந்ததும் சுற்றியுள்ள கூடு நெளிந்து கொடுக்க, தன்னால் உண்டான பள்ளத்திலேயே அது உட்கார்ந்துவிடும். அது ஒளியாகி மறைந்தால் படிகம் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். நெளிவுக்குக் கொஞ்சம் ஆற்றல் போய்விடுவதால் அந்த ஒளி சிவப்புப் பக்கம் தள்ளி, பல நிறமாகப் பரந்து வரும், சில பொருள்களில் கிட்டத்தட்ட வெள்ளையாகவே. விளக்கு செய்கிறவர்களுக்கு இது லாபம்தான்!

சோலாருக்கு? இந்தச் சிக்கல் மெல்லிய அடுக்குகளாக அமைந்த வகைகளில்தான் அதிகம், அங்கே ஜோடியைப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றலே சில நூறு மில்லி எலக்ட்ரான் வோல்ட் (மிகச் சிறிய ஆற்றல் அலகு) வரை போகும். பேனலுக்கு எடுக்கும் வழக்கமான ஈய அயோடைடு வகையில் அது சுமார் 10 முதல் 20தான். அறை வெப்பம் தரும் ஆற்றலே அதே அலகில் சுமார் 26 என்பதால் ஜோடி தானாகப் பிரிந்து மின்சாரமாகிவிடும். வெயிலை மின்சாரமாக்கும் திறனில் 2009-இல் ஜப்பானில் ஆய்வாளர் மியாசகாவின் குழு 3.8 சதவீதத்தில் தொடங்கியது, இன்று ஆய்வகங்களில் 25-ஐத் தாண்டிவிட்டது.

என்னைக் கேட்டால் எக்ஸிட்டானைவிட ஈரத்துக்குத்தான் பயப்பட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உள்ளே கொஞ்சம் நீர் புகுந்தாலும் இந்தப் பொருள் சிதைந்துவிடும், அப்புறம் அதிலிருக்கும் ஈயம் வயலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது தனித் தலைவலி.