மாவு மூட்டையும் மௌத் ஆர்கனும்

கேள்வி: ஒரு மாவுக் கம்பெனி விளம்பரத்துக்காக ஆரம்பித்த ரேடியோ நிகழ்ச்சிதானே ‘கிங் பிஸ்கட் டைம்’? அதைப் போய் ப்ளூஸ் இசையின் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு) பொக்கிஷம் என்று போன இதழில் எழுதிவிட்டீர்களே, கொஞ்சம் ஓவராகத் தெரியவில்லையா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: விளம்பரம்தான். யார் இல்லை என்றார்கள்?

1941-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து ஹெலனாவில் கே.எஃப்.எஃப்.ஏ. என்ற புது ரேடியோ நிலையம் வந்தது. மௌத் ஆர்கன் கலைஞர் சன்னி பாய் வில்லியம்சனும் கிட்டார் கலைஞர் ராபர்ட் லாக்வுட்டும் அங்கே போய் வாய்ப்புக் கேட்டார்கள். ‘விளம்பரதாரரைப் பிடித்து வாருங்கள்’ என்று பதில் வந்தது. உள்ளூர் மளிகை மொத்த வியாபாரி ஒருவர் தன் ‘கிங் பிஸ்கட்’ மாவுக்காகச் சம்மதித்தார். (இது டீயில் தோய்க்கிற பிஸ்கட் இல்லை. மெத்தென்ற குட்டி ரொட்டி.)

நேரம் பகல் 12.15. பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்பின மக்கள் சாப்பிட உட்காரும் வேளை அது. மாவு வாங்க வேண்டியவர்களும் அவர்கள்தான். வெள்ளையரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட முடியாத அந்த மக்களின் பாட்டு, தினமும் ரேடியோவில் நேரடியாக ஒலித்தது. வியாபாரியின் நோக்கம் சமூக நீதி அல்ல, சரி. ஆனால் மாவு விற்றது. அதே வியாபாரி தன் சோள மாவு மூட்டையில் சன்னி பாயின் படத்தையே அச்சடிக்கும் அளவுக்கு விற்றது.

குறை சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் வேறு இடத்தில் கை வைத்திருக்கலாம். ‘சன்னி பாய் வில்லியம்சன்’ என்ற பெயரே கடன் வாங்கியது. அப்போது சிகாகோவில் அந்தப் பெயரில் இன்னொரு மௌத் ஆர்கன் கலைஞர் பிரபலமாக இருந்தார். அப்புறம், பாடியவர்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் சம்பளம் இல்லை. அன்று ராத்திரி எந்த ஊரில் வாசிக்கிறோம் என்று மைக்கில் சொல்லிக்கொள்ளும் உரிமைதான்.

சன்னி பாய் 1965-ல் இறந்தார். அதோடு நிகழ்ச்சி முடிந்துவிடவில்லை. 1951-ல் அறிவிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்த சன்னி பெய்ன், எண்பதுகளில் நிகழ்ச்சி சில வருடம் நின்றிருந்தது தவிர, 2018-ல் சாகும்வரை அதை விடவில்லை. 17,000 ஒலிபரப்புகளைத் தாண்டிய நிகழ்ச்சி இது.

விளம்பரம் என்பதாலேயே மட்டமா? மிசிசிப்பியின் வயலில் சாப்பாட்டு இடைவேளையில் இதைக் கேட்டு வளர்ந்த ஒரு பையன், பிறகு மெம்பிஸ் போய் ரேடியோவில் சேர்ந்தான். ‘பெப்டிகான்’ என்ற டானிக்கைப் பாட்டுப் பாடி விற்பது அங்கே அவன் வேலை. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அந்த ப்ளூஸ் கலைஞரின் பெயர் பி.பி. கிங்.