ஆங்கிலம் கேளுங்கள்: 'இன்டெலிபிள்' மையும் 'பேர்மனன்ற்' முகவரியும்

கேள்வி: வாக்களிக்கும்போது விரலில் பூசும் மையை 'இன்டெலிபிள் இங்க்' என்கிறார்கள். 'பேர்மனன்ற்' என்றாலும் அழியாதது என்றுதானே பொருள்? மகள் 'இன்டெலிபிள் அட்ரஸ்' என்று எழுத, ஆசிரியர் பிழை போட்டிருக்கிறார்.
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: பிழைதான். வேலை, முகவரி, பல் எல்லாம் 'பேர்மனன்ற்'; அவை மாறாமல் நீடிப்பவை. 'இன்டெலிபிள்' என்பது ஒன்றின் மேல் படிந்த தடத்துக்கு மட்டும்: மை, கறை, மனதில் பதிந்த நினைவு. லத்தீனில் 'டெலேரே' என்றால் அழித்தல், முன்னால் நிற்கும் 'இன்' மறுப்பு. கணினியில் அமத்துகிற 'டிலீற்'றும் அந்த வேர்தான்.

எத்தனை நாள் இருக்கும் என்பது இந்தச் சொல்லுக்குப் பொருட்டல்ல, கழுவினால் போகுமா என்பதே பொருட்டு. தேர்தல் மையில் இருப்பது வெள்ளி நைத்திரேற்று. அது தோலில் உள்ள உப்போடு சேர்ந்து வெள்ளிக் குளோரைட்டாகி, வெளிச்சம் பட்டதும் கறுக்கும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் கரையாது. ஆனால் மேற்றோல் உதிர உதிர மங்கிவிடும். நகத்தில் பட்டது நகம் வளர்ந்து வெட்டுப்படும்வரை நிற்கும். மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர்தானே நகம் வளர்கிறது! ஒரு நாள் மறைந்துபோகிற மைக்கும் 'இன்டெலிபிள்' பொருந்துவது இதனால்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றி எழுதினால், இடிந்த வீட்டுக்கு 'பேர்மனன்ற் டமேஜ்', ஊரின் மனதில் நின்றதற்கு 'அன் இன்டெலிபிள் மார்க்'. முன்னால் 'அ' அல்ல, 'அன்'. பின்னால் 'ஒன்' வரவேண்டும். 'இன்' போடுவதுதான் பரீட்சைத் தாள்களில் வழக்கமான பிழை. முடிவில் 'ஏபிள்' அல்ல, ஐ, பி, எல், ஈ. அழுத்தம் 'டெ'யில். வாழைக் கயர் பட்ட வெள்ளைச் சீருடைக்கும் தாராளமாகச் சொல்லலாம், 'இன்டெலிபிள் ஸ்டெய்ன்' என்று.

கேள்வி: வெண்பலகையில் 'பேர்மனன்ற் மார்க்கர்' எழுத்து அழிகிறதே, பெயர் பொய்யா?
– வாசகர், கிண்ணியா

பதில்: தண்ணீருக்கு அழியாது என்பதுதான் அந்தப் பெயர் தரும் உத்தரவாதம். அற்ககோலுக்குக் கரையும்; வெண்பலகை மார்க்கரின் மையில் அற்ககோல் இருக்கிறது. அதனால் அந்த எழுத்தின் மேலேயே வெண்பலகை மார்க்கரால் தடிப்பாகத் தீட்டி, ஈரம் காயுமுன் துணியால் துடையுங்கள். காயவிட்டால் மறுபடி தீட்ட வேண்டியதுதான். பலகையின் பளபளப்பு தேய்ந்திருந்தால் மை உள்ளே இறங்கிவிடும், அதன் பிறகு இந்த வழி முழுதாகப் பலிக்காது.