இஸ்ரேல்காரப் பெண் கொடுத்த டாலர்

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகளுக்கு, கூட வேலை செய்யும் இஸ்ரேல்காரப் பெண் ஒரு வெள்ளி டாலர் கொடுத்திருக்கிறாள். நிலைவாசல் மாதிரி ஓர் எழுத்து, பக்கத்தில் காற்புள்ளி மாதிரி ஒன்று. ஏதாவது மந்திரமோ என்று என் மாமியார் பயப்படுகிறார். போடலாமா? யூதர்களின் நட்சத்திரமும் முருகனின் அறுகோணமும் ஒன்றுதான் என்று வாட்ஸப்பில் வருகிறதே, அதுவும் நிஜமா?

ரா., திண்டுக்கல்

அன்புள்ள ரா.,

மந்திரமில்லை, ஒரு சொல். யூதர்களின் மொழியான எபிரேயத்தை வலமிருந்து இடமாக வாசிக்கவேண்டும். நிலைவாசல் ‘ஹெத்’, காற்புள்ளி ‘யோத்’. சேர்த்தால் ‘ஹை’, காறுவதுபோல் தொண்டையிலிருந்து வரவேண்டும். ‘உயிரோடிருக்கிற’ என்று பொருள். எபிரேய எழுத்துகளுக்கு எண்மதிப்பும் உண்டு. ஹெத் 8, யோத் 10. ஆகவே 18 அவர்களுக்கு ராசியான எண். கல்யாணத்துக்கும் தர்மத்துக்கும் 18, 36, 54 என்று கொடுப்பார்கள், நாம் 101 மொய் எழுதுவதுபோல. மகள் தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும்.

வாட்ஸப் சேதியில் வடிவம் ஒன்று என்பதுவரை சரி. ஒரு முக்கோணத்தின் மேல் இன்னொன்றைத் தலைகீழாக வைத்தால் எந்த ஊரிலும் அதுதான் வரும். இஸ்ரேலின் கப்பர்நகூமில் உள்ள ஜெப ஆலயத்தின், அதாவது யூதக் கோயிலின், பழைய கற்செதுக்கில் அறுமுனை நட்சத்திரம் உண்டு. ஐமுனை நட்சத்திரமும் உண்டு. இரண்டும் வெறும் அலங்காரம். ‘மாகென் தாவீத்’, அதாவது பைபிளில் வரும் தாவீது ராஜாவின் கேடயம் என்ற பெயரோடு அது தாயத்துகளில் ஏறியது இடைக்காலத்தில். பிராக் நகரத்து யூதர்கள் கொடியில் வைத்தார்கள். 1897இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் நடந்த மாநாட்டுக்குப் பின், யூதர்களுக்குத் தாயகம் கேட்ட சியோனிஸ்டுகளின் அடையாளமானது. 1941இல் நாஜிகள் அதையே மஞ்சள் துணியில் வெட்டிச் சட்டையில் தைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இன்று அதைக் கழுத்தில் போடுகிறவர்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது தாவீது அல்ல, அந்த மஞ்சள் துணிதான் என்று நினைக்கிறேன். சிவமும் சக்தியும் சேர்ந்தது என்ற நம் விளக்கத்துக்கு இந்தக் கதையில் இடமே இல்லை.

பழைய சின்னம்தான் வேண்டுமென்றால் ஏழு கிளை மெனோரா. பழைய தமிழ் பைபிள் அதைக் குத்துவிளக்கு என்றே சொல்கிறது. ஐந்து விரல் ‘ஹம்ஸா’ கண்ணேறுக்கு. வட ஆப்பிரிக்காவில் முஸ்லிம்கள் பாத்திமாவின் கை என்பார்கள், யூதர்கள் மோசேயின் அக்கா மிரியாமின் கை என்பார்கள்.

எனக்குப் பிடித்தது நீங்கள் கேட்காத கல்யாண மோதிரம். மரபான யூதத் திருமணத்தில் கல் வைத்த மோதிரம் கூடாது. மணமகன் கொடுப்பதன் மதிப்பு மணமகளுக்குத் தெளிவாகத் தெரியவேண்டும். கல்லின் விலையில் ஏமாற்றிவிடலாம் அல்லவா? எனவே வெறும் பொன், வலதுகை ஆள்காட்டி விரலில். ஆனால் சடங்குக்கென்றே செய்த பழைய மோதிரங்களில் கல் இல்லாத குறையைத் தட்டான் வேறு விதமாகத் தீர்த்திருக்கிறான். ஜெர்மனியின் எர்ஃபுர்ட்டில் 1998இல் தோண்டியெடுத்த மோதிரத்தின் தலையில் ஒரு குட்டி வீடே நிற்கிறது. கூரையில் ‘மஸல் தோவ்’ என்ற வாழ்த்து; உள்ளே சின்னப் பொன்குண்டு, ஆட்டினால் கிணுகிணுக்கும். 1349இல், கொள்ளைநோய்க்குப் பழிசுமத்தி அவ்வூர் யூதர்களைக் கொன்ற சமயத்தில், யாரோ காசுகளோடு சேர்த்துப் புதைத்தது. எடுக்கத் திரும்பி வரவில்லை.

வெள்ளி டாலர் கறுத்துப்போனால் கொஞ்சம் விபூதி போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். மாமியாருக்கும் நிம்மதி.