மத்தியானம் ரெண்டு மணி வாக்கிங், நாய்க்குப் பழகிடுமா?

கேள்வி: எங்க லேப்ரடாருக்கு நாலு வயசு. ரெண்டு பேரும் வேலைக்குப் போறதால வாக்கிங் கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வச்சிருக்கோம். மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் வர முடியும்ங்கறார். வீட்டுக்கு வந்தா அரை மணி நேரம் இரைக்குது. "போகப் போகப் பழகிடும்"ங்கறார். பழகிடுமா டாக்டர்?

பதில்: வெயிலுக்கு உடம்பு ஓரளவு பழகும்தான், ஆனா ரெண்டு மணி வெயிலுக்கு இல்லங்க. அவர் சொல்ற நேரம் உங்க நாய்க்கு ஏத்த நேரம் இல்ல, அவருக்கு ஏத்த நேரம். காலைல ஆறு மணிய எல்லாருமே கேப்பாங்க, ஒரு ஆளு எத்தன வீட்டுக்குத்தான் ஓடுவார், மிச்ச வீட்ட மத்தியானத்துல தள்ளிட்டு பழகிடும்னு சமாளிக்கறது. பெல்ட்ட பிடிக்கத் தெரிஞ்சா போதும், வாக்கர்னு போர்டு மாட்டிக்கலாம், என்ன தெரியும்னு கேக்க நாதி கிடையாது. கடைசில ஸ்ட்ரெச்சர்ல எங்ககிட்ட வரும்.

நாய்க்குப் பாதத்துல மட்டும்தான் லேசா வேர்க்கும், அது எந்த மூலைக்கு? நாக்க தொங்கப் போட்டு இரைச்சு அந்த ஈரம் ஆவியாகித்தான் சூடு வெளிய போகணும், புழுக்கமான நாள்ல அதுவும் ஒழுங்கா நடக்காது. சாதாரணமாவே 101-லேர்ந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும், 106 தாண்டினா மூளை, கிட்னி, குடல் எல்லாம் அடி வாங்கும். அதுலயும் லேப்ரடார் முடியலன்னு நிக்காது, கூப்பிட்டா விழற வரைக்கும் ஓடி வரும்.

தார் ரோட்டுல புறங்கைய ஏழு செகண்ட் வச்சுப் பாருங்க, முடியலன்னா அதோட பாதத்துக்கும் முடியாது. சூரியன் இறங்கினாலும் தார் உடனே ஆறாது, சாயங்காலமும் வச்சுப் பாக்கணும்.

இதுக்குன்னே விக்க வருவாங்க பாருங்க, கூலிங் ஜாக்கெட், ஷூ, சம்மர் மொட்டைன்னு. ஜாக்கெட் காஞ்சா வெறும் போர்வை. ஷூ பாதம் சுடாம காக்கும், உடம்பு சூட்ட ஒண்ணும் பண்ணாது. லேப்ரடாருக்கு மொட்டை அடிச்சா தோல் வெயில்ல வெந்துதான் போகும். இது எல்லாத்த விட மோசம், வாய இறுக்கி மூடற துணி மஸல். இரைக்கவே முடியாது. உங்க ஆள் போடறாரான்னு இன்னைக்கே கேளுங்க.

ஒண்ணுக்குப் போகணுமேன்னு கேப்பீங்க. அதுக்கு மட்டும் விடலாம், நிழல்ல, மண்ணுலயோ புல்லுலயோ, அஞ்சு நிமிஷம். அஞ்சுன்னா அஞ்சுதான், "அப்படியே தெருமுனை வரைக்கும்" கிடையாது, பந்து கிடையாது, இன்னொரு நாயப் பாத்து ஓட விடறது கிடையாது, போச்சா, உள்ள வா, அவ்ளோதான்.

தள்ளாடினா, வாந்தி எடுத்தா, ஈறு கடும் சிவப்பா மாறினா காருக்கு ஓடாதீங்க, முதல்ல உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி ஃபேன் காத்துல வச்சுட்டு அப்புறம் கிளம்புங்க, போற வழியிலயும் ஊத்துங்க. ஈரத்துண்ட சுத்தி மூடாதீங்க, சூடு உள்ளயே நிக்கும். பாரசிட்டமால் கொடுக்கவே கொடுக்காதீங்க, இது காய்ச்சல் இல்ல, அந்த மாத்திரை நாய்க்கு விஷமாவே ஆகலாம்.

நீண்ட வாக்கிங்க விடியக்காலைல நீங்களே போங்க. அந்த ஆள் ரெண்டு மணிக்கே வரட்டும், ஒண்ணுக்கு விட்டுட்டு ஃபேன் கீழ விளையாட வைக்கட்டும். காசக் குறைக்காதீங்க, குறைச்சா மறுபடி ரோட்டுக்குத்தான் இழுத்துட்டுப் போவார்.