‘இதுவே போதும் சார்’ என்றார் கடைக்காரர். இப்போது பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் பாட்டு வகுப்பு எடுக்கிறேன், அதுதான் என் பிழைப்பு. கூடவே வீட்டிலேயே கச்சேரிகளைப் பதிவு செய்து கொடுக்கலாம் என்று சென்னையில் ஓர் இசைக்கருவிக் கடையைத் தொடர்புகொண்டேன். ‘பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றும் ஒரே நேரத்தில் தனித்தனி ட்ராக்காகப் பதிவாக வேண்டும், பட்ஜெட் ரூ.35,000’ என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். ‘இந்த மிக்சரே போதும் சார், மூணும் தனித்தனியா வரும்’ என்று பதில் வந்தது. நேரில் போய், பல மைக்குகளைச் செருகிக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் அந்த யூ.எஸ்.பி. மிக்சரை ரூ.14,500-க்கு வாங்கினேன். வீடியோ பார்த்து நானே தேர்வு செய்திருந்த மூன்று கண்டென்சர் மைக்குகள் ரூ.16,500. ‘தெருச் சத்தம் சுத்தமா கேட்காது’ என்று கடையில் சொன்னதால் சுவரில் ஒட்டும் ஃபோம் ரூ.4,000. வீட்டில் மாட்டிப் பார்த்தால் கம்ப்யூட்டரில் மூன்றும் கலந்தே வருகிறது. பஸ் ஹாரனும் கூடவே பதிவாகிறது. நான்காம் நாளே புகார் சொன்னேன். ‘பொருளில் பழுது இல்லை, விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்று பில்லிலேயே போட்டிருக்கிறது’ என்கிறார்கள். சட்டத்தில் வழி உண்டா?

பதில்: மிக்சருக்கு உண்டு. மைக்குகளுக்கு மிகக் கஷ்டம். ஃபோமை மறந்துவிடுவது நல்லது. ஒரே கடை, ஒரே பில்தான். ஆனாலும் சட்டம் மூன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்கும்.

மிக்சரில் பழுது இல்லை என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். விலை குறைந்த யூ.எஸ்.பி. மிக்சர்களில் பல, எத்தனை மைக் செருகினாலும் எல்லாவற்றையும் கலந்து இடது, வலது என இரண்டே சேனலாகத்தான் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். பாட்டும் மிருதங்கமும் மட்டும் என்றால் ஒன்றை முழுக்க இடப்பக்கமும் மற்றதை முழுக்க வலப்பக்கமும் திருப்பிவிட்டுச் சமாளித்திருப்பீர்கள். மூன்றாவதாக வயலின் வந்தால் அந்த வித்தை செல்லாது. ஒவ்வொரு மைக்கையும் தனியாக அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ்தான் உங்களுக்குத் தேவைப்பட்டது. பொருள் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. நீங்கள் கேட்ட வேலையைத்தான் செய்யவில்லை.

இதற்கென்றே சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இல் 16-ஆவது பிரிவு இருக்கிறது. வாங்குபவர் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் பொது விதி. ஆனால் எந்த வேலைக்காக வேண்டும் என்பதை விற்பவருக்குத் தெரியப்படுத்தி, அவருடைய அனுபவத்தையும் திறமையையும் நம்பி வாங்கியிருந்தால், அந்த வகைப் பொருளை விற்பது அவர் தொழிலாகவும் இருந்தால், பொருள் அந்த வேலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, பில்லில் எழுதாமலே அந்த விற்பனைக்குள் வந்துவிடுகிறது. உங்கள் வாட்ஸ்அப் கேள்வி முதல் பாதியை நிரூபிக்கிறது. அவர்கள் பதில் மறு பாதியை. வாங்கும் முன் இப்படி எழுத்தில் கேட்டவர்கள் என்னிடம் வருவது அபூர்வம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-உம் கைகொடுக்கும். அதில் ‘குறைபாடு’ என்பது உடைந்ததையும் ஓடாததையும் மட்டும் குறிப்பதில்லை. விற்பவர் எந்த விதத்திலாவது இருப்பதாகச் சொன்ன தரம் இல்லாமல் போவதும் குறைபாடுதான். குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை அதே சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. ஆகவே பில்லின் அடியில் அச்சடித்த அந்த ஒற்றை வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மைக் கதை வேறு. 16-ஆவது பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறது: பிராண்ட் பெயரைச் சொல்லிக் குறிப்பிட்ட பொருளைக் கேட்டு வாங்கினால், அது நம் வேலைக்குப் பொருந்துமா என்ற பொறுப்பு விற்பவர் தலையில் விழாது. நீங்கள் நம்பியது வீடியோவை, கடையை அல்ல. தவிர, அறையில் உள்ள எல்லாச் சத்தத்தையும் அள்ளிக்கொள்வது கண்டென்சர் மைக்கின் இயல்பு.

ஃபோம் விஷயத்தில் கடைக்காரர் சொன்னது சுத்தத் தவறு. அது அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும். வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்காது. ஆனால் அதை வாயால்தான் சொன்னார், நீங்களும் சுவரில் ஒட்டிவிட்டீர்கள். ரூ.4,000-க்காக இந்தப் பலவீனமான பகுதியையும் சேர்த்து, வலுவான பகுதியைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், ‘இவர் சம்பாதிப்பதற்காக வாங்கினார், இவர் நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதாடும். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது சரிதான். ஆனால் சுயதொழிலாகப் பிழைப்பு நடத்துவதற்கு மட்டுமே வாங்கியவரைச் சட்டம் அதிலிருந்து விலக்கியிருக்கிறது. 1995-இல் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர் நுகர்வோர்தான் என்றது. உங்கள் மிக்சரும் அந்த ஆட்டோ மாதிரிதான். ஆள் வைத்து ஸ்டுடியோ நடத்துகிறீர்கள் என்றால் மட்டும் என்னிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. முதலில் மிக்சரைப் பயன்படுத்துவதை நிறுத்திப் பெட்டியில் வையுங்கள். குறை தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் பயன்படுத்தினால் பொருளை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். அப்புறம் நஷ்டஈடுதான் கேட்க முடியும், திருப்பித் தர முடியாது. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணு ஆவணத்துக்குப் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டம், 2023-இன் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். மூல உரையாடல் கையில் இருந்தால் அது சிரமமில்லை.

ஸ்பீட் போஸ்டில் கடைக்கு ஒரு கடிதம் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். பணத்தைத் திருப்பித் தரவும், அல்லது கூடுதல் தொகையை நான் கட்டுகிறேன், தகுந்த இன்டர்ஃபேஸாக மாற்றித் தரவும் என்று இரண்டையும் எழுதுங்கள். கையிலிருந்து காசு போகாத இரண்டாவது வழிக்குத்தான் கடைகள் சீக்கிரம் இறங்கி வரும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம்.

மசியவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம். இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் திருச்சி மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட அதிகம் இழுக்கும்.

மனுவில் அந்த சேல்ஸ்மேனை எதிர்மனுதாரராகச் சேர்க்காதீர்கள். அவர் கடைக்காகப் பேசியவர். பில்லில் யார் பெயர் இருக்கிறதோ அவரைச் சேருங்கள்.