அன்சிபிள் பிளேபுக்கைச் (சர்வரை அமைக்கும் டாஸ்க்குகளின் பட்டியல்) சர்வரில் ஓட்டும் முன் லேப்டாப்பிலேயே சோதிக்க விஎம் (லேப்டாப்புக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) எப்படி அமைப்பது?

விர்ச்சுவல்பாக்ஸில் ஓர் உபுண்டு சர்வர் போதும். 2 ஜிபி ரேம், 1 சிபியு. நிஜ சர்வரில் இருக்கும் அதே வெர்ஷனைப் போடுங்கள். விஎம்முக்குப் பதில் டாக்கர் கன்டெய்னர் வைத்தால் சட்டென்று எழும்தான். ஆனால் வழக்கமான இமேஜ்களில் சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் புரோகிராம்) ஓடாது, சர்வீஸைத் தொடங்கும் டாஸ்க் அங்கேயே விழுந்துவிடும்.

நெட்வொர்க் அடாப்டர் இரண்டு வையுங்கள். நேட் என்பது பேக்கேஜ் இறக்க. ஹோஸ்ட்-ஒன்லி என்பது லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்ஹெச்சில் நுழைய. உங்கள் பப்ளிக் கீயை ஏற்றி, பைத்தான் 3 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விஎம்மை அணைத்து ஸ்னாப்ஷாட் (பிறகு திரும்பி வரக்கூடிய நிலைப்பதிவு) எடுங்கள். ஓடும்போதே எடுத்தால், பிறகு மீட்கும்போது கடிகாரம் பழைய நேரத்திலேயே நிற்கலாம்; ஏபிடி (உபுண்டுவில் பேக்கேஜ் இறக்கும் கருவி) ‘ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று முரண்டு பிடிக்கும்.

இரண்டு மூன்று விஎம் வேண்டுமென்றால் குளோன் செய்யலாம். பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்: மேக் முகவரியைப் (நெட்வொர்க் அடாப்டரின் அடையாள எண்) புதிதாக்கினாலும் இரண்டுக்கும் ஒரே ஐபி வரும். உபுண்டு சர்வர், ஐபி வழங்கும் டிஹெச்சிபியிடம் தன்னை அடையாளம் காட்டுவது மெஷின்-ஐடியை வைத்து. குளோன் எடுப்பதற்கு முன் இடிசி டைரக்டரியில் உள்ள மெஷின்-ஐடி ஃபைலைக் காலி செய்துவிடுங்கள் (அழிக்க வேண்டாம்). அடுத்த பூட்டில் புதிய ஐடி தானாக உருவாகும்.

இனி பிளேபுக்கை ஓட்டுங்கள், உடனே மறுபடியும் ஓட்டுங்கள். இரண்டாம் முறை ‘சேஞ்ச்டு’ (மாற்றம் செய்த டாஸ்க்குகள்) எண்ணிக்கை 0 வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் ஷெல் அல்லது கமாண்ட் மாட்யூல்தான் காரணம். ‘கிரியேட்ஸ்’ (குறிப்பிட்ட ஃபைல் இருந்தால் ஓடாது) அல்லது ‘சேஞ்ச்டு-வென்’ (எப்போது மாற்றமாக எண்ணுவது) சேருங்கள். செக் மோடை (எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்ப்பது) மட்டும் நம்ப வேண்டாம், அது இந்த இரண்டு மாட்யூல்களையும் பொதுவாகத் தாண்டிப் போய்விடும். பிறகு ஒருமுறை ரீபூட் செய்து, சர்வீஸ்கள் தானே எழுகின்றனவா என்று பாருங்கள்.