பிழையும் இல்லை, பதிவும் இல்லை: ஆடிட் சிக்கலுக்கு ரூட் தீர்வா?

கேள்வி: யார் எந்தக் கணக்கைத் திருத்தினார்கள் என்பதை எங்கள் செயலி லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஆடிட் பதிவில், அதாவது தணிக்கைப் பதிவில், சேர்க்க வேண்டும். அதற்கான லிப்ஆடிட் என்ற நிரல் நூலகம் வழியாக அனுப்புகிறோம். பிழை எதுவும் வரவில்லை, பதிவும் விழவில்லை. ‘ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகியாக) ஓட்டுங்கள், அல்லது எங்கள் ஏஜென்ட் மென்பொருளை வாங்குங்கள்’ என்கிறார் ஆலோசகர். என்ன செய்யலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம். திரும்பி வரும் எண்ணைப் பாருங்கள், 0 ஆக இருக்கும். 0 வந்தால் வெற்றி என்பது நம் பழக்கம். இந்த நூலகத்தில் செய்தி அனுப்பும்போது 0 என்றால் தோல்வி. சேர்ந்திருந்தால் அதைவிடப் பெரிய எண் வரும். சாதாரணப் பயனருக்கு அனுமதி மறுக்கப்பட்டால் நூலகம் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். யார் தலையில் உதித்த யோசனையோ!

கெர்னல் கேட்பது கேப்_ஆடிட்_ரைட் என்ற ஒரே உரிமையை, ஆடிட்டில் எழுதும் உரிமையை. சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் சேவைக் கோப்பில் ஆம்பியன்ட் கேப்பபிலிட்டீஸ் வரியில் அதைச் சேர்த்தால் போதும், செயலி சாதாரணப் பயனராகவே ஓடும். செயலி பைத்தானில் இருந்தால், பைத்தான் மேலேயே செட்கேப் (நிரல் கோப்புக்கு உரிமை தரும் கட்டளை) போடச் சொல்வார்கள். போட்டால் அதில் ஓடும் எல்லா ஸ்கிரிப்டுக்கும் உரிமை போய்விடும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கேப்_ஆடிட்_கன்ட்ரோலையும் சேர்ப்பவரை அருகிலேயே விடாதீர்கள். அது தணிக்கையையே நிறுத்தும் உரிமை.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் செயலி கன்டெய்னருக்குள் (செயலியைப் பிரித்து ஓட்டும் உறை) இருந்து, அது தனிப் பயனர் நேம்ஸ்பேஸில் (பயனர்களும் உரிமைகளும் அதற்குள் மட்டும் செல்லும் தனி வட்டம்) ஓடினால் உரிமை கொடுத்தும் பலிக்காது. ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்பான் கெர்னல், தன்னிடம் ஆடிட்டே இல்லாதது போல. வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது: ஆடிட்டுக்கு எழுத முடியாவிட்டால் லாகினை மறுக்கும் அமைப்புகள் பல உண்டு, அவை கன்டெய்னருக்குள் முடங்கக் கூடாது. ஆனால் நூலகம் இதற்கும் 0 தான் தரும். உடனே ‘உங்கள் கெர்னலில் ஆடிட் இல்லை’ என்று ஏஜென்ட் விற்க வருவார்கள். கன்டெய்னருக்கு வெளியே, ஹோஸ்ட் கணினியில் ஒரு சிறு சேவையை வைத்து அதன் மூலம் எழுதுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம், பிராசஸ் எண்ணையும் பயனர் எண்ணையும் கெர்னலே குறித்துக்கொள்ளும். ஆனால் கணினி பூட் ஆகும்போதே தொடங்கும் சேவைக்கு லாகின் செய்தவர் யார் என்ற இடத்தில் 4294967295 என்று நிற்கும். ‘யாருமில்லை’ என்று பொருள். ஆகவே திருத்தியவர் பெயரை நீங்கள்தான் செய்தியில் எழுத வேண்டும். அதைத் தட்டியபடியே செருகாதீர்கள். பெயருக்குள் ஒரு இடைவெளி விட்டு ‘ரெஸ்=சக்ஸஸ்’ (முடிவு=வெற்றி) என்று ஒருவர் எழுதிவிட்டால், தோல்வியடைந்த முயற்சியும் தேடலில் வெற்றியாகத் தெரியலாம். குறியாக்கம் செய்ய நூலகத்திலேயே செயற்கூறு இருக்கிறது.